வெயிலைப் பிடிக்கும் கண்ணாடி

சோறு தின்றுகொண்டிருந்த லியோன் திடீரென்று உறைந்துபோனான்.

வாய் திறந்தபடி இருந்தது. கண்கள் இரண்டும் பிதுங்கின. கை போய்க் கழுத்தைப் பிடித்தது.

“அம்மா! தம்பிக்கு முள்ளு!” என்று கத்தினாள் ஜசிந்தா.

அம்மா ஞானசவுந்தரி குசினியிலிருந்து பாய்ந்து வந்தாள். நான்கு வயதுப் பிள்ளையை முன்னால் குனியவைத்து முதுகில் தட்டினாள். ஒரு தட்டு. இரண்டு தட்டு.

“இருமடா! என்ரை ராசா, இருமு!”

லியோன் இருமினான். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் இருமினான். மூன்றாவது இருமலோடு சோறும் மீனும் நிலத்தில் விழுந்தன. நடுவே கிடந்தது ஒரு முள். ஜசிந்தாவின் சின்னவிரல் நீளம்!

அதற்குப் பிறகுதான் லியோனுக்கு அழுகை வந்தது. அவன் அழுததைக் கேட்டு அந்த வீடு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அம்மா முள்ளை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இஞ்ச பாருங்கோ! இவ்வளவு பெரிய முள்ளு. ஒரு முரலுக்கு முள்ளெடுக்க ஏலாதோ உங்களாலை?”

அந்த வீட்டில் பிள்ளைகளின் மீனுக்கு முள் எடுப்பது அப்பாவின் வேலை. முரல் மீனின் நடுமுள்ளை ஒரே இழுவையில், துணியிலிருந்து நூலை உருவுவதுபோல உருவிவிடுவார். இந்தப் பதினொரு வயதுவரை ஜசிந்தாவின் வாயில் ஒரு முள் அகப்பட்டதில்லை.

அப்பா சவிரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். எழுந்தார். கையைக் கழுவினார். பாதிச் சோற்றை விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தார்.

ஆனால் ஜசிந்தா ஒன்றைக் கவனித்துவிட்டாள். அம்மா முள்ளைக் கிட்டக் கொண்டுவந்தபோது, குளவியைக் கண்டவர்போல அப்பா தலையைப் பின்னால் இழுத்தார். ஏன்?

சுருவில் கிராமத்தில் அப்பாவுக்குப் பட்டப்பெயரே ‘கழுகுக்கண்ணர்’. கடலின் விளிம்பில் ஒரு பாய் நகம் அளவு தெரியும்போதே அது யாருடைய வள்ளம் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கண்ணுக்கு மீன்முள் எப்படித் தப்பியது?

மிச்சச் சோற்றைக் கோப்பையில் போட்டு மூடிக்கொண்டு, ஜசிந்தாவும் கடற்கரைக்குப் போனாள்.

எங்கள் வள்ளம் என்று அவள் பெருமையாகச் சொல்லும் ‘ஆரோக்கியமாதா’ மணலில் ஏறி நின்றது. இரண்டு கிழமையாக அது கடலுக்குப் போகவில்லை. முதுகு நோ என்று அப்பா சொல்லியிருந்தார். இப்போது அவர் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து தூண்டிலில் நரம்பு நூலைக் கட்டப் பார்த்தார்.

முதுகு நொந்தவர் கையை ஏன் அப்படி நீட்டவேண்டும்? இரண்டு கைகளையும் முன்னால் எட்டுமட்டும் நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கினார். நரம்பு தூண்டிலின் வளையத்துக்குள் போகவில்லை. மறுபடியும் பார்த்தார். போகவில்லை. தூண்டில் விரலில் ஏறியது. இரத்தம்!

ஜசிந்தா ஓடப் போனாள். அதற்குள் மறுபக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல உயரம், தோளில் சால்வை. காரைநகர் மார்க்கண்டு. இரண்டு இயந்திரப் படகுகளுக்குச் சொந்தக்காரர். அவள் வள்ளத்தின் பின்னால் பதுங்கிக்கொண்டாள்.

“கலப்பற்று எப்பிடி?” என்று மார்க்கண்டு வள்ளத்தைத் தட்டிக்கொண்டு கேட்டார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து மேலே பசை பூசுவதுதான் கலப்பற்று. அது சரியில்லை என்றால் வள்ளம் கடலைக் குடித்துவிடும்.

“போன மாதம் நானே பார்த்தனான். ஒரு சொட்டும் உள்ளுக்கு வராது, அண்ணை.”

“அப்ப சனிக்கிழமை விடிய ஆக்களோட வாறன். கட்டி இழுத்துக்கொண்டு போறன். பிறகு சொல்லு மாறமாட்டீரே?”

“சவிரிமுத்து சொன்னால் சொன்னதுதான்.”

ஜசிந்தா வள்ளத்தோடு ஒட்டிக்கொண்டாள். ஆரோக்கியமாதாவை விற்கிறாரா?

“நல்ல வள்ளம். ஏன் காணும் விக்கிறீர்?”

அப்பா இரத்தம் வந்த விரலை வாயில் வைத்து எடுத்தார். “என்ரை கண் போகுது, அண்ணை.”

மார்க்கண்டு வாய்விட்டுச் சிரித்தார். “நீரோ? நயினாதீவுக்குப் போற பாயிலை எத்தினை ஒட்டு எண்டு எண்ணுற மனிசனுக்குக் கண் போகுதோ?”

“சிரிக்காதேங்கோ. என்னைப் பெத்த அப்புவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது. முதல்லை தூண்டில் கட்ட ஏலாமல் போச்சு. கொஞ்ச வருசத்திலை வாசற்படியும் தெரியாமல் போச்சு. மனிசியின்ரை தம்பி வின்சன்ற் என்னை நம்பித்தான் வள்ளத்திலை ஏறுறான். கண் தெரியாதவன் இன்னொருத்தனைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது.”

மார்க்கண்டுவின் சிரிப்பு நின்றது. “சரி. சனிக்கிழமை வாறன்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

ஜசிந்தா எட்டிப் பார்த்தாள். கோப்பையின் மூடி ‘டங்’ என்று கல்லில் விழுந்தது.

“ஆரது?”

“நான்தான் அப்பா. சோறு கொண்டுவந்தனான்.”

“கேட்டிட்டியோ?”

“ஓம்.”

அப்பா அவளைப் பக்கத்தில் இருத்தினார். “சனிக்கிழமை வரைக்கும் அம்மாவுக்குச் சொல்லக்கூடாது. அவ அழுதால் என்னாலை வள்ளத்தைக் குடுக்க ஏலாது.”

“அப்ப இப்பவே போய்ச் சொல்லட்டோ?”

அப்பாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். “விளையாடாதை பிள்ளை. சத்தியம் பண்ணு.”

சத்தியம் பண்ணினாள். வேறு வழி? “பிறகு நீங்கள் என்ன செய்வீங்கள்?”

“கொழும்புக்குப் போய் மூட்டை தூக்குவன். மூட்டை பெரிசுதானே. அதைக் காண இந்தக் கண் காணும்.”

அன்று புதன்கிழமை. நடுவே இரண்டே நாட்கள்!

வியாழன் காலை பள்ளிக்கூடம் போகமுன் ஜசிந்தா அப்பாவோடு கடற்கரையில் நின்றாள்.

“அப்பா, அங்கை போறது ஆரின்ரை வள்ளம்?”

“அருளப்பு மூப்பரின்ரை தம்பியின்ரை. பாயிலை புதுசா ஒட்டுப் போட்டிருக்கிறான். கோணலாத் தைச்சிருக்கிறான்.”

ஜசிந்தா உற்றுப் பார்த்தாள். அவளுக்குப் பாயே சரியாகத் தெரியவில்லை.

புத்தகத்தை விரித்து அவர் மூக்குக்கு முன் பிடித்தாள். “இது என்ன எழுத்து?”

அப்பா தலையைப் பின்னால் இழுத்தார். அவள் புத்தகத்தோடு ஓர் அடி பின்னால் போனாள். இன்னும் ஓர் அடி. இன்னும் கொஞ்சம்.

“ஆ, நில்லு. ‘எங்கள் ஊர்.’ சரியோ?”

“சரி! அப்ப தெரியுதே!”

“தெரியுது. என்ன, என்ரை கை இன்னும் ஒரு முழம் நீளமா இருக்கவேணும்” என்று சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார்.

ஜசிந்தா வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். கண் போகிறது என்றால் தூரத்தில் இருப்பதுதானே முதலில் மறையவேண்டும்? அப்பாவுக்குத் தூரம் முழுவதும் இருக்கிறது. கிட்ட இருப்பதுதான் காணாமல் போகிறது. இது என்ன வருத்தம்?

மருந்து எதுவாக இருந்தாலும், கண்ணுக்குக் கண்ணாடி என்று ஒன்று இருக்கிறதே!

அவளுக்குத் தெரிந்து கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் செபம் சொல்லும் கோயில் மூப்பர் அருளப்பு. மற்றவர் வகுப்பாசிரியை இராசமணி ரீச்சர். ரீச்சரின் கண்ணாடி சாதாரணமானது. மூப்பரின் கண்ணாடியோ போத்தலின் அடிப்பாகம்போலத் தடித்தது. தடித்த கண்ணாடி என்றால் பெரிய மருந்து. பள்ளிக்கூடம் விட்டதும் ஜசிந்தா மூப்பரிடம் ஓடினாள்.

மூப்பர் கோயில் முற்றத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். “கண்ணாடியோ? எதுக்கு?”

“ஒருத்தருக்கு உதவி செய்ய, மூப்பர். அரை மணித்தியாலம் காணும். ஆரெண்டு கேக்காதேங்கோ.”

“கெதியா வா பிள்ளை. அது இல்லாட்டி எனக்கு மாடும் மனிசரும் ஒண்டு.”

ஜசிந்தா பறந்தாள். கடற்கரையில் ஆள் இல்லாத நேரம். “அப்பா, ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. எனக்காக.”

அப்பா நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார். கையில் தூண்டிலை எடுத்தார்.

ஜசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவின் முகம் மெல்ல மெல்ல இருண்டது. “தூண்டிலே இல்லை” என்றார். “முந்தி மங்கலாவாவது தெரிஞ்சது. இப்ப அதுவும் போச்சு.” கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் வைத்தார். “பாத்தியோ? கண்ணாடிக்கும் மிஞ்சிப் போச்சு. இனி இந்தக் கதை வேண்டாம்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது என்று ஜசிந்தாவுக்குத் தோன்றியது.

அழுதுகொண்டே திரும்பி வந்தாள். கண்ணாடியை வெயிலில் முன்னால் நீட்டிப் பிடித்தபடி நடந்தாள். மணலில் அதன் நிழல் கூடவே வந்தது. இரண்டு கறுத்த வட்டங்கள். கண்ணாடியினூடாகக் கோயிலைப் பார்த்தாள். கோயில் தீப்பெட்டி அளவாகச் சின்னதாகத் தெரிந்தது.

முற்றத்தில் மூப்பர் ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்து, “வாரும் தம்பி, ஏன் நிக்கிறீர்? இப்பிடி இரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் ஜசிந்தா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை. வகுப்பில் அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

இராசமணி ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். உடனே, “கடைசி வாங்கு! என்ன வாய்க்குள்ளை? மாங்காயைத் துப்பும்!” என்றார்.

ஜசிந்தா நிமிர்ந்தாள். கடைசி வாங்கு எவ்வளவு தூரம்! கண்ணாடி இல்லாமல் ரீச்சருக்கு மாங்காய் தெரிகிறது. கண்ணாடி இல்லாமல் இடாப்புத் தெரியவில்லை.

அப்பாவைப்போல!

ரீச்சர் கண்ணாடியை மேசை ஓரத்தில் புத்தகங்களுக்கு மேலே வைத்துவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பினார். யன்னலால் வந்த வெயில் அதன் மேல் விழுந்தது. முன்வாங்கில் இருந்த இரஞ்சிதம் திடுக்கிட்டாள்.

“ரீச்சர், என்ரை கொப்பியிலை என்னவோ மினுங்குது!”

கொப்பியின் மேல் இரண்டு வெளிச்சப் பொட்டுகள். கண்ணைக் கூசவைக்கும் பொட்டுகள்.

ஜசிந்தா வாங்கிலிருந்து எழுந்தேவிட்டாள். மூப்பரின் கண்ணாடி வெயிலை மறைத்துக் கறுத்த நிழல் போட்டது. ரீச்சரின் கண்ணாடி வெயிலைப் பிடித்து ஒரு பொட்டாகச் சேர்க்கிறது. அப்படியென்றால் இரண்டும் ஒன்றல்ல. தடிப்பில் ஒன்றுமில்லை. இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன!

மணி அடித்ததும் மேசைக்கு ஓடினாள். “ரீச்சர், இந்தக் கண்ணாடி எதுக்கு?”

“தூசுக்கு” என்றார் ரீச்சர் சட்டென்று.

“அப்ப கரும்பலகை துடைக்கேக்கை ஏன் போடுறேல்லை?”

ரீச்சர் அவளை முறைத்தார். ஜசிந்தா கண்ணாடியை மெல்லத் தூக்கிப் புத்தகத்துக்கு மேலே பிடித்தாள். எழுத்துகள் கொழுத்துப் பெருத்தன. மூப்பரின் கண்ணாடியில் கோயிலே சின்னதாகப் போயிற்றே!

“ரீச்சர், ஒரு ஆளுக்குத் தூரத்திலை எல்லாம் தெரியுது. கிட்டத்திலைதான் தெரியேல்லை. வயது நாற்பத்துநாலு. கண் போகப்போகுது எண்டு பயப்பிடுறார். நாளைக்கு விடிய ஒரு பெரிய பிழை செய்யப்போறார். ஆரெண்டு சொல்லேலாது. சத்தியம்.”

ரீச்சர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். “அது வெள்ளெழுத்து, பிள்ளை. நாற்பதுக்கு மேலை ராசாவுக்கும் வரும், தோட்டிக்கும் வரும். கண்ணுக்குள்ளை ஒரு சின்ன வில்லை இருக்கு. இளவயதிலை அது நெகிழ்ந்து குடுக்கும். கிட்டப் பார்க்கேக்கை வளையும். வயது போகப் போக விறைச்சுப்போகும். அவ்வளவுதான். கண் போகாது. நான் பதினொரு வருசமாப் போடுறன்.”

“பதினொரு வருசமோ? நாற்பதுக்கு மேலை எண்டால், அப்ப ரீச்சருக்கு இப்ப—”

“கணக்குப் பார்க்கத் தேவையில்லை!”

“ஆனால் அவரின்ரை அப்புவுக்கும் இப்பிடித் துவங்கித்தான் கண் முழுக்கப் போனதாம்.”

“அவருக்குப் பிறகு கண்ணிலை படலம் விழுந்திருக்கும். அது வேறை வருத்தம். அதுக்கும் இப்ப ஆஸ்பத்திரியிலை வெட்டி எடுக்கிறாங்கள்.”

ஜசிந்தா குதித்தாள். “அப்ப இந்தக் கண்ணாடியைத் தாங்கோ ரீச்சர்! நாளைக்குத் தாறன்!”

ரீச்சர் தயங்கினார். “திங்கட்கிழமை பரீட்சைப் பேப்பர் குடுக்கவேணும். இது இல்லாமல் இண்டைக்கு ஒண்டும் திருத்த ஏலாது.” கொஞ்சம் யோசித்தார். “நான் இருக்கிறது வேலணையிலை. விடிய முதல் பஸ் எங்கடை வாசலாலைதான் வரும். கொண்டக்டர் பாலசிங்கத்திட்டைக் குடுத்துவிடுறன். நீர் சந்தியிலை நிண்டு வாங்கும். ஒம்பது மணி பஸ்ஸிலை திரும்பி வந்திடவேணும். விளங்குதோ?”

“ஓம் ரீச்சர்!”

“ஒண்டு கேளும். இது வயதுக்குப் போடுற கண்ணாடி எண்டு வகுப்பிலை சொன்னீரோ, தெரியும்!”

சனிக்கிழமை. சூரியன் வரமுன்னமே ஜசிந்தா சந்தியில் நின்றாள்.

பஸ் வரவில்லை.

கிழக்கு வெளுத்தது. பனைகளின் தலை சிவந்தது. பஸ் வரவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து இயந்திரச் சத்தம் கேட்டது. தட தட தட. மார்க்கண்டுவின் படகு!

ஓடிப் போவதா? நிற்பதா? வெறும் கையோடு போய் என்ன செய்வது? ஜசிந்தா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள்.

கடைசியில் புழுதி தெரிந்தது. பஸ் முக்கி முனகி வந்து நின்றது. ஜசிந்தா வாசலில் தொற்றி ஏறினாள். “பாலசிங்கண்ணை, ரீச்சர் தந்த கண்ணாடி?”

கொண்டக்டர் பாலசிங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது!

“பிள்ளை, பொறு பொறு. எத்தினையோ வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் எனக்கு ரிக்கற்றிலை நம்பர் தெரியுது. ஊர்காவற்றுறை போய்த் திரும்பி வரேக்கை தரட்டே?”

“ஐயோ அண்ணை, இப்ப வேணும்! வள்ளம் போயிடும்!”

அவள் கண்ணில் இருந்த நீரைப் பார்த்ததும் பாலசிங்கம் மறுபேச்சுப் பேசவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டார். ஜசிந்தா குறுக்குப் பாதையால் ஓடினாள். நாயுருவி காலில் கீறியது. ஓடினாள்.

கடற்கரையில் ஆரோக்கியமாதாவின் மூக்கு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. மார்க்கண்டுவின் ஆட்கள் நான்கு பேர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். செபம் சொல்லி வழியனுப்ப அருளப்பு மூப்பர் வந்திருந்தார். அப்பா ஒரு பக்கமாகக் கைகட்டி நின்றார்.

“அப்பா! இதைப் போட்டுப் பாருங்கோ!”

அப்பாவின் முகம் சிவந்தது. “முந்தநாள் போட்டுப் பார்த்தாச்சு. ஆக்களுக்கு முன்னாலை என்னைச் சிரிப்பாக்காதை. வீட்டை போ.”

“இது வேறை!”

“கண்ணாடியெல்லாம் ஒண்டுதான். போ!”

இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்று ஜசிந்தாவுக்கு விளங்கியது. அப்பா, பிறர் சொன்னதை நம்பும் மனிதர் அல்ல. கண்டதை நம்பும் மனிதர்.

“மூப்பர், உங்கடை கண்ணாடியை ஒரு நிமிசம் தாங்கோ.”

“திருப்பியும் மாட்டோட கதைக்கவோ?” என்று முணுமுணுத்துக்கொண்டே மூப்பர் கொடுத்தார்.

சூரியன் பனைக்கு மேலே ஏறியிருந்தது. ஜசிந்தா மூப்பரின் கண்ணாடியை வெயிலுக்கும் வள்ளத்துக்கும் நடுவே பிடித்தாள். “அப்பா, பலகையைப் பாருங்கோ.”

பலகையில் இரண்டு கறுத்த வட்டங்கள்.

அதே இடத்தில் ரீச்சரின் கண்ணாடியைப் பிடித்தாள். கையை முன்னும் பின்னும் அசைத்தாள். வெளிச்சம் கூடிக் குறுகி, இரண்டு பொட்டுகளாகச் சுடர்விட்டது.

தள்ளிக்கொண்டு நின்றவர்கள் தள்ளுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“இன்னொருக்காப் பிடி” என்றார் அப்பா.

மறுபடியும் நிழல். மறுபடியும் பொட்டு.

“ஒண்டு வெயிலைத் துரத்துது. ஒண்டு வெயிலைச் சேர்க்குது” என்றாள் ஜசிந்தா. “முந்தநாள் நான் பிழையானதைக் கொண்டுவந்திட்டன். உங்களுக்குக் கண் போகேல்லை அப்பா. வெள்ளெழுத்து. எங்கடை—” ரீச்சர் என்று சொல்ல வந்தவள் விழுங்கிக்கொண்டாள். “எல்லாருக்கும் வருமாம்.”

அப்பா கையை நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஜசிந்தாவின் முகத்தைப் பிடித்துக் கிட்டக் கொண்டுவந்தார்.

“உன்ரை மூக்கிலை மச்சம் எப்ப வந்தது?”

“அது போன வருசமே வந்தது, அப்பா!”

மார்க்கண்டு கனைத்தார். “சரி சரி. நேரம் போகுது. தம்பிமார், தள்ளுங்கோ!”

வள்ளம் நகர்ந்தது. அப்பா கண்ணாடியோடு அதன் பக்கம் திரும்பினார். பலகையில் கை வைத்தார். திடீரென்று குனிந்தார்.

“நிப்பாட்டுங்கோ!”

அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் உறைந்துவிட்டார்கள்.

வள்ளத்தின் முன்பக்கத்தில், இரண்டு பலகைகள் சேரும் இடத்தில், தலைமயிர் போல ஒரு கோடு. அப்பா நகத்தால் சுரண்டினார். காய்ந்த பசை பொரிந்து உதிர்ந்தது. உள்ளே பஞ்சு இல்லை! பேனாக்கத்தியின் அலகு முழுவதும் ‘சரக்’ என்று உள்ளே போயிற்று. அந்தக் கோடு ஒரு முழம் நீளத்துக்கு ஓடியது.

தள்ளியவர்கள் வள்ளத்திலிருந்து கையை எடுத்தார்கள். காரைநகருக்குப் போகும் வழியில் ஆழம் எவ்வளவு என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். இழுத்துப் போகும் வள்ளத்தில் இரண்டு பேர் இருக்கவேண்டும் என்பதும் தெரியும்.

“மார்க்கண்டண்ணை,” அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு சொட்டும் வராது எண்டு சொன்னனான். பஞ்சு வைக்காத இடத்திலை பசையைப் பூசியிருக்கிறன். கண்ணுக்குத் தெரியேல்லை. தெரியாமல் பொய் சொல்லிப்போட்டன். இதை இண்டைக்குத் தர ஏலாது. நாலு நாள் பொறுங்கோ. கலப்பற்றைச் சரியாப் பார்த்துத் தாறன். சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

ஜசிந்தா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இவ்வளவுக்குப் பிறகும் கொடுக்கப்போகிறாரா!

மார்க்கண்டு கிட்ட வந்தார். “அதை ஒருக்காத் தாரும்” என்று கண்ணாடியை வாங்கித் தன் மூக்கில் போட்டார். குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு தன் கைவிரல்களைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார்.

“அடடா! கொழும்பிலை இருந்து மகள் எழுதினது. ஒரு மாதமாப் பக்கத்து வீட்டுப் பெடியன் வாசிச்சுச் சொல்லுறான். அவன் பாதிதான் வாசிச்சிருக்கிறான், கள்ளன்!”

கடிதத்தை முழுவதும் வாசித்து முடித்தார். அதுவரை வள்ளமும் ஆட்களும் கடலும் காத்துக்கொண்டு நின்றன. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“சவிரிமுத்து, நான் வாங்க வந்தது கண் போன மனிசன்ரை வள்ளத்தை. இஞ்சை அப்பிடி ஒருத்தரையும் காணேல்லை.”

“அண்ணை, ஆனால் சொல்லு—”

“உம்முடைய சொல்லை நான் திருப்பித் தாறன். பிடியும்.” வெறும் கையை நீட்டினார்.

அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

வள்ளம் தண்ணீரிலிருந்து பின்னால் வந்து மணலில் ஏறியது. அப்போதுதான் அம்மாவும் வின்சன்ற் மாமாவும் ஓடி வந்தார்கள்.

“அத்தான், வள்ளத்தை ஆர் தள்ளினது? என்ன நடக்குது?” என்று மாமா மூச்சு இரைக்க இரைக்கக் கேட்டார்.

“இப்ப சொல்லலாமோ, அப்பா?” என்று கேட்டாள் ஜசிந்தா. அப்பா தலையாட்டினார். அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அம்மா அழுதாள், ஏசினாள், சிரித்தாள். எது முதலில், எது பிறகு என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

அதற்குள் கண்ணாடி கைமாறிக் கைமாறிக் கடற்கரையைச் சுற்றிவரத் தொடங்கிவிட்டது. நாற்பது தாண்டிய எல்லோருக்கும் ஏதோ ஒன்றைப் பார்க்கவேண்டி இருந்தது. பக்கத்து வீட்டு மேரிஜோசப்பின் மாமி செபமாலையின் சிலுவையைப் பார்த்தாள். ஒருவர் தன் நகத்தைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுக் கையை மறைத்தார். வின்சன்ற் மாமாவுக்கு வயது இருபத்தாறு. போட்ட உடனே, “தலை சுத்துது! எல்லாம் மங்கல்!” என்று கழற்றினார்.

“உனக்கு இன்னும் காலம் இருக்கு, அவசரப்படாதை” என்றார் மூப்பர்.

“ஒம்பது மணி பஸ்!” என்று ஜசிந்தா கத்தினாள். கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மறுபடியும் சந்திக்கு ஓடினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அப்பா யாழ்ப்பாணம் போகப் புறப்பட்டார். கண்ணைச் சோதித்து, கண்ணாடிக்கு அளவு கொடுக்கவேண்டும். ஜசிந்தாவும் கூடப் போனாள்.

சந்தியில் பார்த்தால் ஏற்கெனவே ஆறு பேர் நிற்கிறார்கள். மேரிஜோசப்பின் மாமியும் நின்றாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பஸ் வந்தது. பாலசிங்கம் வாசலில் நின்றபடி கேட்டார். “என்ன, சுருவில் முழுக்க எங்கை வெளிக்கிட்டிட்டுது?”

“கண்ணாடி எடுக்க” என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி. “எனக்கு வெள்ளெழுத்து.”

“மற்ற ஆக்கள்?”

“நாங்கள் சும்மா, சவிரிமுத்துவுக்குத் துணைக்கு” என்றாள் மேரிஜோசப்பின் மாமி. மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.

பாலசிங்கம் கையில் இருந்த ரிக்கற்றை எட்டுமட்டும் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி ஒருதரம் பார்த்தார்.

“ஏறுங்கோ ஏறுங்கோ” என்றார். “இண்டைக்கு நானும் துணைக்குத்தான் வாறன்!”